கொல்லும் வைரஸ், குடியிருக்கும் வைரஸ்: வயலுக்கும் இறால் குட்டைக்கும் எது உதவும்?

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் எப்படிப் பெருகுகின்றன, எப்படிப் பதுங்கிக் கிடக்கின்றன என்பதற்கு ஒரு விளக்கம். கடைசியில் வாசகர் கேள்விகளுக்குப் பதில்.

திருவள்ளூர் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்றோடு மழை பிடித்தால், சம்பா வயலில் சில நாட்களிலேயே இலை நுனி மஞ்சளாகும். பிறகு இலையின் இரண்டு ஓரங்களிலும் அலை அலையாகக் காய்ச்சல் இறங்கும். அதிகாலையில் பார்த்தால் இலை ஓரத்தில் பால் போன்ற சிறு துளிகள் நிற்கும். அது பாக்டீரியா இலைக்கருகல் நோய். ஒவ்வொரு துளியிலும் எண்ணிலடங்காத பாக்டீரியாக்கள் இருக்கின்றன. பழவேற்காடு ஏரியை ஒட்டிய உவர்நிலப் பகுதிகளில் இறால் வளர்ப்பவர்களுக்கு வேறொரு பாக்டீரியா எதிரி. இருட்டில் தொட்டி நீர் பச்சையாக மின்னினால் குஞ்சுகளின் கதை முடிந்தது என்று அவர்களுக்குத் தெரியும்.

இரண்டு இடத்திலும் கைக்குக் கிடைக்கும் முதல் ஆயுதம் ஆன்டிபயாடிக் மருந்துதான் என்ற பழக்கம் வெகுநாளாக இருக்கிறது. அந்தக் கதவு இப்போது மூடிக்கொண்டு வருகிறது. பயிரில் ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் கலவையை நிறுத்துவதற்கான வரைவு ஆணையை மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வெளியிட்டது. ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தால் ஏற்றுமதி இறால் திரும்பி வருகிறது. அதனால்தான் 'ஃபேஜ்' என்ற சொல் ஆராய்ச்சிக் கூடங்களிலிருந்து விவசாயிகளின் காது வரை வந்திருக்கிறது. ஃபேஜ் என்பது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். முழுப்பெயர் பாக்டீரியோஃபேஜ், 'பாக்டீரியாவைத் தின்பது' என்று பொருள்.

எல்லா ஃபேஜும் தின்பதில்லை. சில ஃபேஜ்கள் பாக்டீரியாவைக் கொல்கின்றன. சில அதற்குள் குடியேறி, அதற்கே நஞ்சு கொடுத்து நம்மைத் தாக்க வைக்கின்றன. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் ஃபேஜ் நல்லதா கெட்டதா என்று கேட்டால் பதில் கிடைக்காது.

எவ்வளவு சிறியது?

ஒரு மில்லிமீட்டர் கோட்டில் சுமார் 500 பாக்டீரியாக்களை வரிசையாக நிறுத்தலாம். அதே கோட்டில், நன்கு ஆராயப்பட்ட 'டி4' என்ற ஃபேஜை 5,000 வரை நிறுத்தலாம். கடல் நீரை ஒரு மில்லிலிட்டர் எடுத்தால் அதில் சுமார் 1 கோடி வைரஸ்கள் இருக்கும், பெரும்பாலானவை ஃபேஜ்கள்தான். வயல் மண், குளம், சாணம், தயிர், நம் குடல் என்று பாக்டீரியா இருக்கும் இடத்திலெல்லாம் ஃபேஜும் இருக்கும்.

ஃபேஜுக்குச் சொந்தமாகச் சாப்பிடவோ, மூச்சு விடவோ, குட்டி போடவோ தெரியாது. புரத உறைக்குள் மடித்து வைத்த ஒரு மரபுச் சீட்டு, அவ்வளவுதான். பாக்டீரியாவின் உடம்புக்குள் நுழைந்தால்தான் அதற்குப் பிழைப்பு. அந்தப் பிழைப்பை அது மூன்று வழிகளில் நடத்துகிறது.

முதல் வழி: அறுவடை செய்து அழிப்பது

டி4 ஃபேஜ், குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவைத் தாக்கும். அதன் கால்கள் பாக்டீரியாவின் மேல்தோலில் குறிப்பிட்ட ஒரு பகுதியை மட்டுமே பிடிக்கும். பூட்டுக்குச் சாவி பொருந்துவது போல அந்த இடம் பொருந்தாவிட்டால் நுழைய முடியாது. பொருந்திவிட்டால் வால் சுருங்கி, ஊசி போடுவது போல மரபுப்பொருளை உள்ளே செலுத்தும். உறை வெளியிலேயே தங்கிவிடும்.

உள்ளே போனதும் அது பாக்டீரியாவின் சொந்த மரபுப்பொருளைத் துண்டாக்குகிறது. புரதம் செய்யும் இயந்திரங்கள் எல்லாம் இப்போது வைரஸுக்கு வேலை செய்யும். தலை தனியாக, வால் தனியாக, கால் தனியாகத் தயாராகி ஒன்றோடொன்று பொருந்துகின்றன. நேரம் வந்ததும் ஒரு புரதம் உட்சவ்வில் துளை போடும். இன்னொன்று அந்தத் துளை வழியாகச் சென்று செல்சுவரைக் கரைக்கும். பாக்டீரியா வெடிக்கும். நல்ல உணவும் சூடும் இருந்தால் இதெல்லாம் முடிய அரை மணி நேரம் போதும். ஒன்று நுழைந்த இடத்திலிருந்து 100 அல்லது அதற்கு மேல் வெளியே வரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் அரை மணியில் 100. ஒரு மணியில் 10,000. ஒன்றரை மணியில் 10 லட்சம். தெளித்த மருந்து நேரம் ஆக ஆகக் குறையும். ஆனால் கொல்லும் ஃபேஜ், தனக்கேற்ற பாக்டீரியா இருக்கும் வரை தானே பெருகும். பாக்டீரியா தீர்ந்தால் அதுவும் தேய்ந்துபோகும். ஆராய்ச்சியாளர்களை இது ஈர்ப்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாம் வழி: பட்டாவில் பெயரை ஏற்றிக்கொள்வது

'லாம்டா' என்ற ஃபேஜும் ஈ.கோலையைத்தான் தாக்கும். ஆனால் உள்ளே போனதும் அதற்கு ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பாக்டீரியா கொழுத்திருந்தால் டி4 போலவே பெருகி வெடிக்க வைக்கும். பாக்டீரியா பட்டினியாக இருந்தாலோ, ஒரே பாக்டீரியாவுக்குள் பல ஃபேஜ்கள் நுழைந்திருந்தாலோ, வேறு வழியைப் பிடிக்கும். வெளியே இரை குறைவு, பொறுத்திருப்பதே லாபம் என்ற கணக்கு அதில் இருக்கிறது.

பொறுத்திருக்கும்போது லாம்டாவின் மரபுப்பொருள் வளையமாகச் சுருண்டு, பாக்டீரியாவின் மரபுப்பொருளில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் திறந்து, அதில் தன்னையே தைத்துக்கொள்கிறது. ஆக்கிரமிப்பு செய்தவர் பட்டாவிலும் பெயரை ஏற்றிவிட்டால் எப்படி இருக்கும், அதுபோல. அதன் பிறகு பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போதெல்லாம் இந்தப் பெயரும் சேர்ந்தே நகலாகும். ஒவ்வொரு பாகப்பிரிவினையிலும் ஆக்கிரமிப்பாளருக்கும் ஒரு பங்கு. பாக்டீரியா நலமாக வாழும். வைரஸ் ஒரு செலவுமில்லாமல் பெருகும்.

இந்த உறக்கத்தைக் காப்பது ஒரு காவல் புரதம். வைரஸின் கொல்லும் மரபணுக்கள் எழாதபடி அது அமுக்கி வைத்திருக்கும். அதே இனத்தைச் சேர்ந்த வேறு ஃபேஜ் உள்ளே வந்தால் அதையும் அமுக்கிவிடும். வீட்டுக்காரருக்கு அதனால் ஒரு பாதுகாப்பும் கிடைக்கிறது.

பாக்டீரியாவின் மரபுப்பொருளுக்குக் காயம் பட்டால் நிலைமை மாறும். புற ஊதாக் கதிரும், சில ஆன்டிபயாடிக் மருந்துகளும் அந்தக் காயத்தை உண்டாக்கும். பாக்டீரியா தன் காயத்தைச் சரிசெய்யத் தொடங்கும் அதே வேளையில் காவல் புரதம் அறுந்துபோகிறது. உறங்கிய வைரஸ் விழித்து, மூழ்கப்போகும் படகிலிருந்து குதிப்பது போல, பெருகி வெடித்து வெளியேறும். பிரெஞ்சு அறிவியலாளர் ஆந்த்ரே லுவாஃப் 1950-இல் புற ஊதா ஒளியைக் காட்டி இதை நிரூபித்தார். 1965-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எல்லாப் பதுங்கலும் தையல் போட்டுத்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. 'பி1' என்ற ஃபேஜ் பாக்டீரியாவின் மரபுப்பொருளோடு ஒட்டாமல், தனி வளையமாகவே தலைமுறை தலைமுறையாகத் தங்கும். உணவே இல்லாத பாக்டீரியாவுக்குள் நுழைந்த சில ஃபேஜ்கள், இதுவும் செய்யாமல் அதுவும் செய்யாமல் அப்படியே நிற்கும். உணவு வந்த பிறகுதான் முடிவு.

மூன்றாம் வழி: கறந்துகொண்டே இருப்பது

இழை போன்ற நீண்ட ஃபேஜ்கள் உண்டு. இவை பாக்டீரியாவை வெடிக்க வைப்பதில்லை. உள்ளே பெருகி, சவ்வின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிகின்றன. மாட்டை அறுப்பவருக்கும் கறப்பவருக்கும் உள்ள வித்தியாசம்தான். நெல் இலைக்கருகல் பாக்டீரியாவில் இப்படி ஒரு இழை ஃபேஜை தைவான் ஆராய்ச்சியாளர்கள் 1960-களிலேயே கண்டறிந்தார்கள்.

தக்காளி, கத்தரியில் வாடல் நோயை உண்டாக்கும் ரால்ஸ்டோனியா பாக்டீரியாவிலும் இழை ஃபேஜ்கள் இருக்கின்றன. ஜப்பானில் நடந்த ஆய்வுகளில், ஒரு வகை இழை ஃபேஜ் புகுந்த பாக்டீரியாவின் வீரியம் கூடியது. வேறொரு வகை புகுந்தபோது வீரியம் குறைந்தது. ஒரே நோய், ஒரே வகை வைரஸ், எதிரெதிரான விளைவு.

சென்னையிலிருந்து புறப்பட்ட காலரா

குடியிருக்கும் வைரஸ் எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு.

காலராவில் உயிரைப் பறிப்பது பாக்டீரியா விடும் நஞ்சு. இதை 1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் டே முயல்களில் சோதித்துக் காட்டினார். ஆனால் காலரா பாக்டீரியாவின் உறவுக்கார பாக்டீரியாக்கள் உப்பங்கழிகளில் ஏராளமாக வாழ்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நஞ்சு விடுவதில்லை. சிலவற்றுக்கு மட்டும் நஞ்சு எங்கிருந்து வந்தது?

1996-இல் மேத்யூ வால்டோர், ஜான் மெக்கலானோஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் விடை கண்டார்கள். நஞ்சு செய்யும் மரபணு பாக்டீரியாவுக்குச் சொந்தமானதே அல்ல; ஓர் இழை ஃபேஜ் கொண்டுவந்து தைத்தது. பாக்டீரியா நம் குடலில் ஒட்டிக்கொள்ளப் பயன்படுத்தும் மயிர் போன்ற உறுப்பைப் பிடித்துத்தான் அந்த ஃபேஜ் உள்ளே ஏறுகிறது. ஏறிய பிறகு பாக்டீரியாவைக் கொல்லாமல் தங்குகிறது, வெளியேயும் கசிகிறது. சாதுவாக இருந்த பாக்டீரியா கொலையாளியாகிறது.

இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1992 அக்டோபரில், அன்றைய மெட்ராஸில் புது வகைக் காலரா ஒன்று தலைகாட்டியது. அதுவரை பெருங்கொள்ளை நோயாகப் பரவியதெல்லாம் 'ஓ1' என்ற வகைதான். இது 'ஓ139'. மதுரை, வேலூர், கல்கத்தா, வங்கதேசம் என்று சில மாதங்களில் பரவியது. பாக்டீரியாவின் மேல்சட்டை மாறியிருந்ததால், பழைய காலராவுக்கு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களும் படுத்தார்கள். சட்டை மாறினாலும், நஞ்சு மரபணுவைச் சுமக்கும் அந்த ஃபேஜ் உள்ளேயே இருந்தது.

குழந்தைகளுக்கு வரும் தொண்டை அடைப்பானும் இதே கதைதான் (மாட்டுக்கு வரும் தொண்டை அடைப்பான் வேறு). அந்த நஞ்சும் குடியிருக்கும் ஃபேஜ் கொடுத்ததே.

நாணயத்துக்கு மறுபக்கமும் இருக்கிறது. ஆக்ராவில் அரசு வேதியியல் ஆய்வாளராக இருந்த எர்னஸ்ட் ஹான்கின், கங்கை, யமுனை நீரை நுண்வடிகட்டியில் வடித்த பிறகும் அது காலராக் கிருமியைக் கொல்வதை 1896-இல் எழுதினார். கொதிக்க வைத்தால் அந்தச் சக்தி போய்விட்டது. அது என்ன என்று அவருக்குப் பிடிபடவில்லை. லண்டனில் ஃபிரெடெரிக் ட்வோர்ட் 1915-இலும், பாரிஸில் ஃபெலிக்ஸ் டெரேல் 1917-இலும் தனித்தனியே ஃபேஜைக் கண்டறிந்தார்கள். டெரேல் 1927-இல் இந்தியா வந்து காலராவுக்கு ஃபேஜ் மருத்துவத்தைச் சோதித்தார். டாக்காவில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், ஏரி, ஆற்று நீரில் கொல்லும் காலரா ஃபேஜ் கூடும்போது நோயாளிகள் எண்ணிக்கை குறைவதும், ஃபேஜ் குறையும்போது நோய் ஏறுவதும் தெரிந்தது. ஒரே நோய்க்கு ஒரு ஃபேஜ் நஞ்சு கொடுக்கிறது, இன்னொரு ஃபேஜ் முடிவு கட்டுகிறது.

இறால் தொட்டியில் இரண்டு பாடங்கள்

இருட்டில் ஒளிரும் விப்ரியோ ஹார்வேயி பாக்டீரியா, காலரா பாக்டீரியாவின் உறவினர். இறால் குஞ்சு பொரிப்பகங்களில் ஒரே இரவில் தொட்டியைக் காலி செய்யும்.

மங்களூரு மீன்வளக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு நம்பிக்கை தருவது. நோய் தானாக வந்திருந்த ஒரு பொரிப்பகத்திலேயே கொல்லும் ஃபேஜைச் சோதித்தார்கள். ஃபேஜ் விட்ட தொட்டிகளில் டைகர் இறால் குஞ்சுகள் 86 சதவிகிதம் பிழைத்தன. ஆன்டிபயாடிக் விட்டதில் 40 சதவிகிதம். ஒன்றும் விடாததில் 17 சதவிகிதம்.

இதே பாக்டீரியாவில் எச்சரிக்கையும் இருக்கிறது. 1999-இல் தாய்லாந்து ஆராய்ச்சியாளர்கள், டைகர் இறாலைக் கொல்லாத ஹார்வேயி பாக்டீரியா ஒன்று, ஒரு ஃபேஜ் புகுந்த பிறகு கொல்லும் பாக்டீரியாவாக மாறியதைக் காட்டினார்கள்.

ஆகவே குட்டை நீரில் கிடைத்த ஏதோ ஒரு ஃபேஜைப் பெருக்கி ஊற்றுவது வைத்தியமாகாது. அது கொல்லும் வகையா, குடியேறும் வகையா, அதன் மரபுப்பொருளில் நஞ்சு மரபணு இருக்கிறதா என்று ஆய்வகத்தில் முழுதாகப் படித்துப் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். தவறான ஆன்டிபயாடிக் பழக்கத்துக்கும் இது ஒரு காரணம் சேர்க்கிறது. மரபுப்பொருளைக் காயப்படுத்தும் சில மருந்துகள், பாக்டீரியாவுக்குள் உறங்கும் ஃபேஜை எழுப்பிப் பக்கத்து பாக்டீரியாக்களுக்கும் பரப்பக்கூடும்.

நெல் வயலுக்கு ஃபேஜ் சொன்ன ஜோசியம்

ஜப்பானில் 1950, 60-களில் நெல் நோய் நிபுணர்கள் ஃபேஜை மருந்தாக அல்லாமல் ஒற்றனாகப் பயன்படுத்தினார்கள். இலைக்கருகல் பாக்டீரியா இருந்தால்தான் அதற்குரிய ஃபேஜ் பெருகும். அதனால் வாய்க்கால் நீரில் அந்த ஃபேஜின் எண்ணிக்கை ஏறினால், மேலே எங்கோ பாக்டீரியா பெருகிவிட்டது என்று பொருள். இலையில் நோய் தெரியும் முன்பே நீர் சொல்லிவிடும்.

எண்ணும் முறை எளிது. தட்டில் பாக்டீரியாவைப் பாய் விரித்தது போல வளர்த்து, அதில் வாய்க்கால் நீரைக் கலப்பார்கள். ஃபேஜ் விழுந்த இடத்தில் பாக்டீரியா செத்து, நாற்றங்காலில் சொட்டை விழுந்தது போல வட்டம் தெளியும். எத்தனை வட்டமோ அத்தனை ஃபேஜ்.

நமக்கு இதிலிருந்து கிடைக்கும் நேரடிப் பாடம்: இந்த நோய் நீரோடு நடக்கிறது. நோய் கண்ட வயலிலிருந்து அடுத்த வயலுக்கு நீர் பாயவிடக் கூடாது.

ஃபேஜ் தெளித்துப் பயிரைக் காப்பது முடியாததல்ல. அமெரிக்காவில் தக்காளி, மிளகாய் இனப் பயிர்களின் பாக்டீரியாப் புள்ளி நோய்க்கு ஒரு ஃபேஜ் தயாரிப்பு 2005-இல் பதிவு பெற்றது. ஆனால் வெட்டவெளியில் ஃபேஜுக்குச் சில பலவீனங்கள் உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர் அதை அழித்துவிடும். அதனால் மாலையில் தெளிப்பார்கள், கொழுப்பு நீக்கிய பால்பொடி கலந்து பாதுகாப்பார்கள். இலை காய்ந்தால் ஃபேஜும் சாகும். ஒரு ஊர் பாக்டீரியாவுக்குப் பொருந்தும் சாவி அடுத்த ஊர் பாக்டீரியாவுக்குப் பொருந்தாமல் போகலாம். பாக்டீரியா பூட்டை மாற்றிக்கொண்டால் பழைய ஃபேஜ் வீண். அதனால் பல ஃபேஜ்களைக் கலந்தே தயாரிக்கிறார்கள்.

பூட்டை மாற்றுவது பாக்டீரியாவுக்குக் கைவந்த கலை. நம் மாவட்டத்துத் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம். 6 ரகத்தை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். அதிலிருந்த இலைக்கருகல் எதிர்ப்பு மரபணு, ஐ.ஆர். 20 வழியாக ஆசியா முழுதும் பல ரகங்களுக்குப் போனது. ஆனால் சில பகுதிகளில் பாக்டீரியா தன்னை மாற்றிக்கொண்டு அந்த எதிர்ப்பைத் தாண்டிவிட்டது. ரகமானாலும், மருந்தானாலும், ஃபேஜானாலும் ஒன்றை மட்டுமே நம்பினால் இதுதான் நடக்கும்.

பாக்டீரியாவின் பதிலடி

ஃபேஜிடமிருந்து தப்ப பாக்டீரியா ஒரு குற்றப் பதிவேட்டை வைத்திருக்கிறது. தாக்கிய வைரஸின் மரபுப்பொருளில் ஒரு துண்டை வெட்டித் தன் மரபுப்பொருளில் சேமிக்கும். அதே வைரஸ் மறுபடி வந்தால் அந்தத் துண்டோடு ஒப்பிட்டு, இனம் கண்டு, வெட்டி எறியும். இதை 2007-இல் நிரூபித்தது தயிர் பாக்டீரியாவில்தான்; பால் பொருள் ஆலைகளில் ஃபேஜ் புகுந்து உறை பாக்டீரியாவை அழிப்பது பெரும் தொல்லை என்பதால் அங்கே ஆய்வு நடந்தது. இந்த வெட்டும் கருவியின் பெயர் கிரிஸ்பர். அதை எந்த உயிரின் மரபணுவையும் திருத்தும் கருவியாக மாற்றியதற்கு 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த மரபணு திருத்திய நெல் ரகங்களான டி.ஆர்.ஆர். தான் 100, பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1 இரண்டும் இந்தக் கருவியில் உருவானவை. வைரஸுக்கும் பாக்டீரியாவுக்கும் நடக்கும் சண்டை நம் நாற்றங்கால் வரை வந்துவிட்டது.

வாசகர் கேள்விகள்

கேள்வி (பொன்னேரி வட்டம்): இலை நுனி காய்வது பாக்டீரியாவா, சாம்பல் சத்துக் குறைவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: காய்ச்சல் ஆரம்பிக்கும் இடத்தில் இலையைக் கத்தரித்து, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரில் வெட்டுவாய் மூழ்கும்படி நிறுத்துங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போலக் கலங்கல் இறங்கினால் அது பாக்டீரியா. இறங்காவிட்டால் சத்துக் குறைவையோ வேறு காரணத்தையோ பாருங்கள்.

கேள்வி (ஊத்துக்கோட்டை): ஃபேஜ் மருந்து வரும் வரை இலைக்கருகலுக்கு என்ன செய்வது?

பதில்: ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதை நேர்த்தி செய்யுங்கள். நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளாதீர்கள். அந்தக் காயம் பாக்டீரியாவுக்கு வாசல். தழைச்சத்தை ஒரே தடவையில் கொட்டாமல் இலை வண்ண அட்டை பார்த்துப் பிரித்து இடுங்கள். நோய் தெரிந்ததும் மேலுரமாக யூரியா இடுவதை நிறுத்தி வையுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி 20 சதவிகிதப் பசுஞ்சாணக் கரைசலை, அறிகுறி தெரிந்தவுடன் ஒருமுறையும் 15 நாள் கழித்து ஒருமுறையும் தெளிக்கலாம். 5 சதவிகித வேப்பங்கொட்டைக் கரைசலும் பரிந்துரையில் உண்டு. சந்தேகமிருந்தால் நோய் கண்ட இலைகளோடு திரூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்குச் செல்லுங்கள்.

கேள்வி (பழவேற்காடு பகுதி): வனாமி இறாலில் வெள்ளைப்புள்ளி வந்தால் ஃபேஜ் கேட்குமா?

பதில்: கேட்காது. வெள்ளைப்புள்ளி வைரஸ் நோய். ஃபேஜ் பாக்டீரியாவை மட்டுமே தாக்கும். இரண்டாவது தொற்றாக விப்ரியோ பெருகியிருந்தால் அதைக் குறைக்கலாமே தவிர, வெள்ளைப்புள்ளியைத் தடுக்காது. சோதித்த குஞ்சு, குட்டையைக் காயவிடுவது, பக்கத்துக் குட்டை நீரை நேராக எடுக்காமலிருப்பது ஆகியவைதான் பாதுகாப்பு. எந்தப் புட்டியை வாங்கினாலும் அதில் எந்த பாக்டீரியாவுக்கு எதிரான ஃபேஜ், யார் சோதித்தது, கொல்லும் வகைதானா என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'எல்லா நோய்க்கும்' என்று எழுதியிருந்தால் அது ஃபேஜின் குணமல்ல. பயிருக்கான தயாரிப்பென்றால் மத்திய பூச்சிக்கொல்லி வாரியப் பதிவு எண்ணைக் கேளுங்கள். சந்தேகத்துக்குச் சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தை அணுகலாம்.

கேள்வி (கும்மிடிப்பூண்டி): சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். கிணற்று நீரில் இயற்கையாகவே ஃபேஜ் இருந்தால் அது கிருமியைக் கொன்றுவிடாதா? காய்ச்சாமல் குடிக்கலாமா?

பதில்: கூடாது. ஃபேஜ் ஒருபோதும் பாக்டீரியாவை அடியோடு துடைப்பதில்லை; இரை முழுதும் தீர்ந்தால் அதுவும் அழியும் என்பதால் இரண்டும் சேர்ந்தே நீடிக்கும். குடல் பாக்டீரியாவின் ஃபேஜ் நீரில் இருந்தால், மலம் கலந்திருக்கிறது என்பதற்கான அடையாளமாகவே ஆய்வகங்கள் அதைப் பார்க்கின்றன. நீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். கிணற்றுக்கு நல்ல தரமான பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் கணக்கில் கரைத்து, தெளிந்த நீரை ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். ஆனால் கொதிக்க வைப்பது கிருமியைத்தான் கொல்லும். தொழிற்சாலைக் கழிவால் உப்போ உலோகமோ கலந்திருந்தால் கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீரின் நிறமோ சுவையோ மாறியிருந்தால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்த பிறகே குடிக்கப் பயன்படுத்துங்கள்.

கேள்வி (திருத்தணி): வீட்டில் திடீரெனத் தயிர் உறையவில்லை. ஃபேஜ்தான் காரணமா?

பதில்: ஆலைகளில் ஒரே உறையைத் தொடர்ந்து பயன்படுத்தும்போது ஃபேஜ் பெரும் தொல்லை. வீட்டு உறையில் பல வகை பாக்டீரியாக்கள் கலந்திருப்பதால் ஒன்று செத்தாலும் மற்றொன்று வேலையை முடிக்கும். முதலில் வேறு காரணங்களைப் பாருங்கள்: குளிர், பால் அதிகச் சூட்டில் இருக்கும்போது உறை ஊற்றியது, அல்லது மாட்டுக்கு மடிவீக்கத்துக்காக ஆன்டிபயாடிக் போட்டது. ஊசி போட்ட மாட்டின் பாலில் மருந்து இறங்கி உறை பாக்டீரியாவைக் கொல்லும். அந்தப் பாலை, கால்நடை மருத்துவர் சொன்ன நாட்கள் முடியும் வரை வீட்டுக்கும் வைக்கக் கூடாது, சங்கத்துக்கும் ஊற்றக் கூடாது. இரண்டு மூன்று முறை முயன்றும் உறையாவிட்டால், பாத்திரத்தைக் கொதிநீரில் கழுவிவிட்டு வேறொரு வீட்டிலிருந்து புது உறை வாங்கி வையுங்கள்.